லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? ஸ்டிக்கரில் இல்லாததைப் பாருங்கள்

எங்கள் சொந்தத்தில் யார் லேப்டாப் வாங்கப் போனாலும் எனக்கு ஒரு ஃபோன் வரும். ஒன்று பிள்ளை காலேஜ் சேர்ந்திருக்கும், இல்லை அண்ணி வீட்டிலிருந்தே ஆன்லைனில் டியூஷன் எடுக்க ஆரம்பித்திருப்பார், இல்லை சித்தப்பா கடைக்கணக்கை நோட்டிலிருந்து டேலிக்கு மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்திருப்பார். கேள்வி மட்டும் மாறுவதே இல்லை: "ஐ5 போதுமா, ஐ7 வாங்கணுமா?"

போதும். ஐம்பது, அறுபதாயிரம் ரூபாய்க்கு லேப்டாப் தேடுபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இன்டெலின் ஐ5 பிராசசரும் போதும், அதற்கு இணையான ஏஎம்டியின் ரைசன் 5-ம் போதும். ஆனால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நல்ல லேப்டாப் வாங்க முடியாது. இந்த விலையில் கம்பெனிகள் காசை மிச்சம் பிடிப்பது பிராசசரில் இல்லை. அதைத்தான் ஸ்டிக்கராக ஒட்டி விற்கிறார்கள், அதில் கை வைத்தால் விற்காது. கை வைப்பதெல்லாம் ஸ்டிக்கரில் வராத இடங்களில்: திரை, ராம் எப்படிப் பொருத்தியிருக்கிறது என்பது, பேட்டரியின் அளவு, வைஃபை அட்டை, கீல். நாள் முழுக்க நீங்கள் கண்ணால் பார்ப்பதும் விரலால் தொடுவதும் இவற்றைத்தான்.

அதனால் இந்தக் கட்டுரையில் எந்த மாடல் வாங்கலாம் என்று சொல்லப்போவதில்லை. மாடல் ஆறு மாதத்தில் மாறிவிடும். ஒரு லேப்டாப்பை எப்படி எடை போடுவது என்று சொல்கிறேன். பிரவுசர், வேர்டு, எக்செல், ஜூம், யூடியூப், டேலி, கொஞ்சம் கோடிங், இவ்வளவுதான் வேலை என்பவர்களுக்கு இது. கேம் விளையாடவும் வீடியோ எடிட் செய்யவும் வாங்குபவர்களின் கணக்கு வேறு.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்

முதலில் முழு மாடல் எண்ணைப் பிடியுங்கள். லெனோவோ ஐடியாபேட் ஸ்லிம் 3, ஹெச்பி 15, ஆசுஸ் விவோபுக் 15 என்பதெல்லாம் ஒரு லேப்டாப்பின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். ஒரே பெயரில் வேறு வேறு பிராசசர், வேறு வேறு திரை, வேறு வேறு பேட்டரி போட்டு விற்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் "நான் வாங்கினதும் இதேதான், சூப்பரா இருக்கு" என்று சொன்னால், பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும் கலந்த நீள வாலையும் கேளுங்கள். அந்த வால் வேறென்றால் பொருளும் வேறு. அதைக் கம்பெனியின் தளத்தில் தேடினால் விவரத்தாள் கிடைக்கும். விற்பனைத் தளத்தில் போடுவது சுருக்கம்தான், அதில் சில நேரம் தப்பும் இருக்கும்.

பிராசசர் முக்கியமில்லை என்றாலும் அதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ரைசன் 7000 வரிசையில் நாலு இலக்க எண் வரும். முதல் இலக்கம் எந்த வருடத்துச் சரக்கு என்று காட்டுவது, அதை எல்லாரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கம். உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பதை அதுதான் சொல்லும். ரைசன் 5 7520யு-வில் மூன்றாவது இலக்கம் 2. அதாவது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நாலு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதிகள்). ரைசன் 5 7530யு-வில் அது 3. ஜென் 3, ஆறு கோர். பார்த்தால் பத்துதான் வித்தியாசம், இரண்டிலும் ஒட்டியிருப்பது அதே "ரைசன் 5" ஸ்டிக்கர். வேலையில் இறங்கினால் இரண்டும் ஒரே வகுப்பில் உட்காரக்கூடியவை இல்லை. 7520யு மோசம் என்று சொல்லவில்லை, முப்பதாயிரத்துக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஐம்பதாயிரம் கொடுத்து வாங்காதீர்கள்.

இன்டெலில் குழப்பம் வேறு மாதிரி. கோர் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஐ5-1334யு-வில் பத்து கோர், ஐ5-13420ஹெச்-ல் எட்டுதான். ஆனால் பத்தில் இரண்டுதான் பெரிய கோர், மீதி எட்டும் மின்சாரம் சேமிக்கும் சின்ன கோர். எட்டு கோர்காரனிடம் பெரியது நாலு. எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: கனமான வேலைக்கு ஹெச், பேட்டரி நிற்கவும் சூடு குறையவும் யு. டியூஷன், டேலி என்றால் யு போதும். இப்போது "ஐ" என்ற எழுத்தை எடுத்துவிட்டு கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் புதிதென்பதால் உள்ளே இருப்பதும் புதிது என்று நம்ப வேண்டாம். கோர் 5 120யு கிட்டத்தட்ட 13-வது தலைமுறைச் சரக்கேதான்.

ராம் விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. 16 ஜிபி. விண்டோஸ் 11 எழுந்து உட்கார்ந்த உடனேயே 3, 4 ஜிபி சாப்பிட்டுவிடும். க்ரோமில் பதினைந்து டேப், பக்கத்தில் ஜூம், வாட்ஸாப் என்று திறந்தால் 8 ஜிபி நிரம்பிவிடும், அதன் பிறகு எந்த ஐ7-ம் ஓடாது, திணறும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத லேப்டாப் என்பதால் திரைக்கு வேண்டிய நினைவகமும் இதே ராமிலிருந்துதான் போகும். சில ரைசன் லேப்டாப்களில் 8 ஜிபி வாங்கிவிட்டு செட்டிங்ஸில் பார்த்தால் ஆறு ஜிபிக்கும் குறைவாகத்தான் பயன்படுத்தலாம் என்று காட்டும். 8 ஜிபிதான் பட்ஜெட்டில் வருகிறது என்றால், பின்னால் சேர்க்க ஸ்லாட் இருக்கிறதா என்று விவரத்தாளில் பாருங்கள். போர்டிலேயே பற்றவைத்த ராம் மட்டும், ஸ்லாட் கிடையாது என்றால் அது கடைசி வரை 8 ஜிபிதான்.

விவரத்தாளில் இன்னும் இரண்டு வரி பார்த்துவிட்டுக் கிளம்பலாம். திரை வரியில் "250 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று இருந்தால் வெளிறிய திரை. நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு, என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்று சொல்லும் அளவுகோல்கள். என்டிஎஸ்சியில் 45 என்பது எஸ்ஆர்ஜிபி கணக்கில் அறுபத்துச் சொச்சம் சதவீதம்தான். "300 நிட்ஸ், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி" என்று இருந்தால் நல்லது, இந்த விலைக்குள்ளேயே கிடைக்கும், தேட வேண்டும், அவ்வளவுதான். பேட்டரி வரியில் "10 மணி நேரம்" என்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். வெளிச்சத்தைக் குறைத்து வைத்து ஒரு வீடியோவை ஓடவிட்டு எடுத்த கணக்காக இருக்கும். வாட்-அவர் எவ்வளவு என்று பாருங்கள், பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதன் அளவு அது. சாதாரண வேலைக்கு லேப்டாப் சராசரியாக 8 வாட் இழுக்கிறது என்று வைத்தால் 42 வாட்-அவர் பேட்டரி ஐந்து மணி நேரம் வரும், 60 என்றால் ஏழரை. மனக்கணக்குதான்.

கடையில்

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தாலும் ஒரு தடவை கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது, மற்ற ஊர்களில் பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் டிஸ்ப்ளேக்கு வைத்திருப்பார்கள். கையில் ஒரு பென் டிரைவ். அதில் நீங்களே எடுத்த நாலு போட்டோ, ஒரு தமிழ் பிடிஎஃப், ஒரு நிமிட வீடியோ. கடைக்காரர் போட்டுக் காட்டும் டெமோ வீடியோவில் எந்தத் திரையும் ஜொலிக்கும், அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

போட்டோவில் ஒன்று அரக்கு நிறப் பட்டுப்புடவையாக இருக்கட்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் தங்கை பழைய லேப்டாப்பில் பார்த்து அரக்கு என்று ஆர்டர் செய்த புடவை செங்கல் நிறத்தில் வந்திறங்கியது என்று சண்டைக்குப் போனாள். ஃபோனில் திறந்து பார்த்தால் படத்திலும் செங்கல் நிறம்தான். லேப்டாப் திரைக்குத்தான் அந்த இரண்டு சிவப்புக்கும் வித்தியாசம் காட்டத் தெரியவில்லை. உங்கள் ஃபோனையும் லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படத்தைத் திறங்கள். சிவப்பு ஆரஞ்சாகவும் மஞ்சள் எலுமிச்சையாகவும் தெரிந்தால் அதுதான் அந்த 45 சதவீதத் திரை. கணக்கு வழக்கு மட்டும் பார்ப்பவருக்கு அதனால் ஒன்றும் குடி முழுகாது. ஆன்லைனில் துணி விற்கிறவர், போட்டோ எடுக்கிறவர் என்றால் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் அந்தத் தமிழ் பிடிஎஃப். நூறு சதவீத அளவில் வைத்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் தூரத்தில் நின்று படியுங்கள். ஞ, ண, ழ, இ எல்லாம் சுழியோடு தெளிவாகத் தெரிகின்றனவா, ஒற்றின் புள்ளி தனியாகத் தெரிகிறதா? அடுத்து திரையை மெதுவாகப் பின்னால் சாய்த்துக்கொண்டே போங்கள். எழுத்து கறுத்து, நிறம் தலைகீழாக மாறினால் அது பழைய டிஎன் வகைத் திரை, அடுத்த லேப்டாப்பைப் பாருங்கள். ஐபிஎஸ் திரையில் அப்படி மாறாது.

கீபோர்டில் பத்து வார்த்தை தட்டிப் பார்ப்பது போதாது. ஒரு பக்கம் தட்டுங்கள், வெட்கப்படாதீர்கள், கடைப் பையன் பார்த்தால் பார்க்கட்டும். நடுவில் ஜி, ஹெச் இருக்கும் இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினால் பலகை முழுக்கத் தொட்டில் மாதிரி அமுங்குகிறதா என்று பாருங்கள். இந்த விலையில் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும், தட்டும்போதே அமுங்கினால்தான் தொல்லை. பவர் பட்டன் பேக்ஸ்பேஸ் அல்லது டெலீட்டை ஒட்டி இருக்கிறதா? சின்ன லேப்டாப்கள் நிறையவற்றில் அப்படித்தான், முதல் மாதம் நாலு தடவையாவது தப்பாக அழுத்துவீர்கள். டேலி, எக்செல் வேலை என்றால் வலது பக்கத்தில் தனி எண் பலகை இருந்தே ஆக வேண்டும். 15.6 இஞ்ச் லேப்டாப்களில் பெரும்பாலும் இருக்கும், 14-ல் இருக்காது. எண் பலகை வந்தால் டச்பேட் இடது பக்கம் தள்ளிப் போகும், அது சிலருக்கு ஒத்துவராது.

மூடியை ஒரு விரலால் திறந்து பாருங்கள். அடிப்பாகமும் சேர்ந்து எழும்பினால் பெரிய குற்றமில்லை. ஆனால் திரையின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கும்போது க்ரீச் என்று சத்தம் வந்தாலோ, திரை நெளிந்தாலோ அந்தக் கீல் இரண்டு வருடத்தில் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். 2012 வாக்கில் தம்பிக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்தான் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். வீடே மாறி மாறித் திறந்து மூடியதில் கடைசியில் அது சுவரில் சாய்த்து வைத்தால்தான் நிற்கும் என்ற நிலைக்கு வந்தது. அன்றிலிருந்து நான் முதலில் கை வைப்பது கீலில்தான்.

யூஎஸ்பி-சி துளையைப் பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டாம். ஒரே மாதிரி இருக்கும் அந்தத் துளை சில லேப்டாப்பில் ஃபைல் மாற்ற மட்டும்தான், சிலவற்றில் சார்ஜும் ஏறும், மானிட்டரும் மாட்டலாம். "இதில் சார்ஜ் ஏறுமா, டிஸ்ப்ளே வருமா" என்று இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள். கடைக்காரர் "எல்லாம் வரும் சார்" என்றால் விவரத்தாளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும் நேரம்

சீல் உடைப்பதிலிருந்து ஆன் ஆகும் வரை ஃபோனில் ஒரே வீடியோவாக எடுங்கள், நடுவில் நிறுத்தாமல். பெட்டியில் இருக்கும் சீரியல் எண், லேப்டாப்பின் அடியில் இருக்கும் எண், பில்லில் இருக்கும் எண் மூன்றும் ஒன்றா என்று அதிலேயே காட்டிவிடுங்கள். மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்பது கடைக்குக் கடை, தளத்துக்குத் தளம் மாறும், அதை வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள். தகராறு முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, அங்கே இந்த வீடியோதான் உங்கள் சாட்சி.

இதைவிட முக்கியமான ஒன்று: முதல் செட்டப்பைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். "கொடுங்க சார், ரெடி பண்ணித் தர்றேன்" என்பார்கள், நல்ல மனசோடுதான் சொல்வார்கள். விண்டோஸ் 11 செட்டப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். என் பெரியப்பா மகனுக்கு வாங்கியபோது கடையில் வேலை பார்த்த பையன் தன் மெயில் ஐடியையே போட்டு முடித்துக் கொடுத்துவிட்டான். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு மதர்போர்டு போய், சர்வீஸில் மாற்றி வந்ததும் நீலத் திரையில் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நின்றது. புது லேப்டாப்கள் பலவற்றில் கணக்கோடு உள்ளே நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும், சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ப்ராஜெக்ட், போட்டோ எல்லாம் போச்சு. ஆகவே உங்கள் கணக்கு, உங்கள் பாஸ்வேர்டு. செட்டப் முடிந்ததும் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் எழுதி பில்லோடு வையுங்கள்.

முதல் நாள் சாயங்காலம்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டுங்கள். எத்தனை ஜிபி, என்ன வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்றுதான் நிரம்பியிருந்தால் ராம் ஒற்றைச் சானலில் ஓடுகிறது, அதாவது தகவல் ஒரே வழியில்தான் போய் வருகிறது என்று அர்த்தம். இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் என்று விளம்பரம் செய்த லேப்டாப்பில் ஜிபியு (கிராஃபிக்ஸ்) இடத்தில் வெறும் யுஹெச்டி என்று தெரிந்தால் ஏமாற்று என்று பதறாதீர்கள், காரணம் இந்த ஒற்றைச் சானல்தான். இன்னொரு ராம் போட்டால் பெயரும் மாறும், வேகமும் கூடும்.

அதே இடத்தில் வைஃபையைத் தட்டினால் இணைப்பு வகை தெரியும். 802.11ஏசி என்றால் வைஃபை 5, ஏஎக்ஸ் என்றால் 6. உங்கள் ரவுட்டர் பழையது என்றால் அட்டை புதியதானாலும் ஏசி என்றுதான் காட்டும், அதையும் மனதில் வையுங்கள். ரவுட்டர் இல்லாத அறையில், கதவைச் சாத்திவிட்டு, ஃபோனிலும் லேப்டாப்பிலும் மாறி மாறி ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். ஃபோனுக்கு வருவதில் பாதிகூட லேப்டாப்புக்கு வரவில்லை என்றால் மலிவான அட்டை போட்டிருக்கிறார்கள்.

டிஸ்க்கில் 512 ஜிபிக்குப் பதில் 476 காட்டும். திருட்டு இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது வேறு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று சொல்லும். புது லேப்டாப்பில் அது ஒற்றை இலக்கத்தில் இருக்கும். இருநூறு, முந்நூறு என்றால் அது கடையில் டிஸ்ப்ளேயில் நின்றதோ, யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததோ. மறுநாளே கொண்டுபோய்க் கேளுங்கள்.

பேட்டரிக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் "பவர்", அதோடு ஒட்டி சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, பிறகு "பேட்டரிரிப்போர்ட்" என்று இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். ஒரு ஃபைல் உருவாகும், எங்கே என்று அதுவே சொல்லும், பிரவுசரில் திறக்கலாம். வடிவமைத்த கொள்ளளவு, இப்போது நிரம்பும் கொள்ளளவு என்று இரண்டு எண் இருக்கும். 42,000 என்று இருந்தால் 42 வாட்-அவர். இரண்டாவது எண் முதல் எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். புதிதிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் கிடங்கில் ரொம்ப நாள் கிடந்த சரக்கு.

இருட்டியதும் விளக்கை அணைத்துவிட்டு முழுத்திரையில் ஒரு கறுப்புப் படம் வையுங்கள். ஓரங்களில் லேசாக வெளிச்சம் கசிவது ஐபிஎஸ் திரையில் சகஜம். ஒரே மூலையில் டார்ச் அடித்த மாதிரி தெரிந்தால் மாற்றச் சொல்லலாம். பிறகு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக வைத்து, நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே ஒரு புள்ளிக்குக் கம்பெனி வாரன்டியில் மாற்ற மாட்டார்கள், அவர்கள் விதிப்படி சில புள்ளிகள் வரை குறையே இல்லை. கடையின் கெடுவுக்குள் கேட்டால்தான் காரியம் நடக்கும்.

அடுத்த மூன்று நாள்

இப்போது வேலை பாருங்கள், நிஜமான வேலை. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 கீபோர்டு விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டாம். ஒரு மணி நேரம் தட்டிப் பாருங்கள், அப்போதுதான் மணிக்கட்டு வைக்கும் இடத்தின் ஓரம் குத்துகிறதா என்று தெரியும். ஒரு ஜூம் கால் நாற்பது நிமிடம் ஓடட்டும். எதிரில் இருப்பவரிடம், ஃபேன் சத்தம் மைக்கில் கேட்கிறதா என்று கேளுங்கள். இந்த விலையில் கேமரா பலதும் 720பி தான், அழகாகத் தெரிய மாட்டீர்கள், அதற்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

சூட்டை ஏசி அறையில் சோதித்துப் பிரயோஜனமில்லை. பல கம்பெனிகளின் விவரத்தாளில் லேப்டாப் வேலை செய்யும் வெப்பநிலை 35 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். வேலூரில் மே மாதம் நாற்பதைத் தாண்டும். ஆகவே மத்தியானம், ஃபேன் மட்டும் ஓடும் அறையில், மேசை மேல் வைத்து ஒரு மணி நேரம் வேலை பாருங்கள். கீபோர்டின் மேல்பகுதி சுடலாம், விரல் நிற்கும் நடு வரிசை சுடக் கூடாது. காற்று வெளியே போகும் துளை எந்தப் பக்கம் என்று கையை வைத்துப் பாருங்கள். வலது பக்கமாக ஊதும் லேப்டாப்பில் மவுஸ் பிடிக்கும் கை வெந்துவிடும். மெத்தை மேல் வைத்தால் எந்த லேப்டாப்பும் கொதிக்கும், அதை வைத்து எடை போடாதீர்கள்.

இரவில் 80 சதவீதத்தில் மூடிவையுங்கள், ஷட்டவுன் செய்யாமல். காலையில் எழுபதுக்கு மேல் இருந்தால் பரவாயில்லை. நாற்பதுக்கு இறங்கியிருந்தால், மூடியிருக்கும்போதும் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போதைய விண்டோஸ் லேப்டாப்களில் ஸ்லீப் என்பது ஃபோன் மாதிரி அரைத்தூக்கம்தான். பையில் போட்டுக்கொண்டு போய்த் திறந்தால் தோசைக்கல் மாதிரி இருக்கும். முதலில் அப்டேட் எல்லாம் போட்டுப் பார்க்கலாம், சரியாகவில்லை என்றால் மூடினால் ஹைபர்னேட் (திறந்திருந்ததை டிஸ்க்கில் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) ஆகும்படி மாற்றிவிடலாம். அதனால் இதை மட்டும் வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

மெட்டல் உடம்பு லேப்டாப் வாங்கியவர்கள் சிலர் பயந்துபோய் ஃபோன் செய்வார்கள். சார்ஜரில் போட்டுக்கொண்டு, வெறுங்காலைத் தரையில் வைத்தபடி, புறங்கையால் மூடியைத் தடவினால் உப்புத்தாளைத் தடவுவது போல ஒரு கிர்ர். லேப்டாப் பழுதில்லை. சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டரிலிருந்து மிகச் சிறிய மின்கசிவு லேப்டாப்பின் மெட்டல் உடம்புக்கு வந்து, எர்த் தேடி உங்கள் வழியாகத் தரைக்குப் போகிறது. மூன்று பின் பிளக்கை, எர்த் ஒழுங்காக இருக்கும் சாக்கெட்டில் மாட்டினால் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், உங்கள் வீட்டில் அந்தச் சாக்கெட்டுக்கு எர்த்தே இல்லை என்று லேப்டாப் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது. இரண்டு பின் சார்ஜர் என்றால் இது கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, எதற்கு மாற்றக் கேட்பது, எதைப் பொறுத்துக்கொள்வது? டிஸ்க் ஓடிய மணி, பேட்டரி கொள்ளளவு, திரையில் புள்ளி, ஒரு மூலைக் கசிவு, வேலை செய்யாத துளை, தட்டினால் இரண்டு தடவை விழும் எழுத்து, இவை எல்லாம் அந்த ஒரு லேப்டாப்பின் குறை, அதே மாடலில் வேறொன்று கேளுங்கள். வெளிறிய நிறம், சுமார் கேமரா, டப்பா ஸ்பீக்கர், ஒற்றை ராம் என்பவை மாடலின் குறை. மாற்றினாலும் அதேதான் வரும்.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டால் இன்னும் இரண்டே வேலை. கம்பெனி தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு வாரன்டி எந்தத் தேதியில் ஆரம்பித்திருக்கிறது என்று பாருங்கள். சில நேரம் தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய தேதியிலிருந்து கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், பில்லை அனுப்பினால் நீங்கள் வாங்கிய தேதிக்கு மாற்றித் தருவார்கள். அடுத்தது, லேப்டாப்போடு வரும் அந்தக் கம்பெனியின் சொந்த ஆப்பில், லெனோவோ என்றால் வான்டேஜ், ஆசுஸ் என்றால் மைஆசுஸ், பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்கும்படி ஒரு அமைப்பு இருக்கும். எப்போதும் பிளக்கிலேயே போட்டு வேலை பார்ப்பவர்கள் அதை ஆன் செய்துவிடுங்கள்.

அண்ணிக்கு முதலில் வந்த லேப்டாப்பில் கீழ்மூலையில் டார்ச் அடித்தது. ஐந்தாம் நாள் மாற்றி வாங்கினோம். இரண்டாவது சரியாக இருந்தது, 16 ஜிபி, 300 நிட்ஸ், 50 வாட்-அவர், பிளாஸ்டிக் உடம்பு. கேமராதான் மங்கல். விண்டோஸ் 11 செட்டிங்ஸில் மொபைல் டிவைசஸ் என்ற இடத்தில் ஆண்ட்ராய்டு ஃபோனை இணைத்து அதையே வெப்கேமாக வைத்துக்கொள்ளலாம் என்று காட்டிக்கொடுத்தேன். இப்போது புத்தக அடுக்கின் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பாடம் எடுக்கிறார். வகுப்பு நடுவில் அண்ணன் கூப்பிட்டால் மட்டும் படம் நின்றுவிடுகிறது.